ஆட்டம்

மல்லாவி இரும்புக்கடையில்
கிலோக் கணக்கில் நிறுத்து வாங்கிய லேத்,
மாங்குளத்தில் எங்கள் பத்திக்குள்
மூன்று நாள் மண்ணெண்ணெய் குடித்து
பச்சை நிறம் காட்டியது.
வீட்டுக் கரண்டுக்கு ஏற்ற மோட்டர் மாற்றினோம்.

கைப்பிடியைக் கால் சுற்றுத் திருகினாலும்
உளி அசையாது.
அந்தக் கால் சுற்று எங்கே போகுதென்று
நிரோஜினி கேட்டாள்.
தேய்ந்த நட்டுக்குள், என்றேன்.

பம்பு புஷ் ஒன்றின் பித்தளையை
அதே லேத்தில் பூட்டி
அதே ஆட்டத்தோடு
ஒவ்வொரு முறையும் கால் சுற்றைக் கழித்துக் கழித்து
அதற்கான நட்டைக் கடைந்தோம்.
பக்கத்து வளவில் மோட்டர் போட்டால்
சக் சோரும்.
கந்தவனம் தோட்டத்துக்கு இறைத்து முடிக்குமட்டும்
தேத்தண்ணி.

இரவு பத்தரைக்குப் பூட்டினோம்.
விரல் பட்டதும் உளி நகர்ந்தது.

பழக்கத்தில்
கால் சுற்றுக் கூடத் திருகி
முதல் துண்டைக் கெடுத்தேன்.