ஆறாம் தடத்துக் கூடை

இரண்டு மணிக்குப் படகு வரும்.
அதற்குள் ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் முன்னால்
நான் நின்றாக வேண்டும்.
அது பின்னிரவுக் கணக்கு. இப்போது மணி ஏழு,
பெரியமேடு, நேரு ஸ்டேடியம்.
இரண்டு முறை குளித்துவிட்டு வந்தும்
பையைத் தடவிய போலீஸ்காரி மூக்கைச் சுருக்கினாள்.
தண்ணி பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டாள்.
"உள்ள விக்கிறாங்கம்மா."
விற்றார்கள், அறுபது ரூபாய்க்கு.

உள்ளே அவ்வளவு வெளிச்சம்.
காசிமேட்டுப் படகெல்லாம் சேர்ந்து விளக்கு ஏற்றினாலும் வராது.
ஒரு மூலையில் ஒருத்தி கம்பை ஊன்றி எழும்புகிறாள்.
இன்னொரு மூலையில் ஒருவன்
இரும்புக் குண்டைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு
யாரையோ திட்டுவதுபோல் முனகுகிறான்.
நடுவில் ஈட்டி பறக்கிறது,
அதைத் திருப்பிக் கொண்டுவர
ஒரு பொம்மைக் கார் தனியாக ஓடுகிறது.
எங்கள் ஏலக்கரை மாதிரிதான்:
எந்தக் கூச்சல் பக்கம் திரும்பினாலும்
முதுகுக்குப் பின்னால் நல்ல வஞ்சிரம் கைமாறிவிடும்.

பக்கத்து நாற்காலியில் பெரம்பூர் ரெஜினால்டு.
பேரைக் கேட்குமுன்பே சொல்லிவிட்டார்.
மடியில் அச்சடித்த பட்டியல், கையில் ஸ்டாப்வாட்ச்.
ஓட்டம் நடக்காதபோதும் அமுக்கி அமுக்கிப் பார்த்தார்.
"யாருக்காக வந்திருக்கீங்க?"
"எம் பொண்ணு சார்."
நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்த ஈவென்ட்டு?"
"கூட தூக்குது."
அவர் பட்டியலில் தேடத் தொடங்கினார்.

பவதாரணி, காலேஜ் இரண்டாம் வருஷம்.
மூன்று வாரம் ஒத்திகை.
துணி வாளியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து
மாடிப்படியிலிருந்து குழாயடிவரை நடந்து காட்டினாள்.
சிரிக்கக் கூடாது. திரும்பக் கூடாது.
ஓடுகிறவங்களைப் பார்க்கக் கூடாது.
"பின்ன இன்னாத்துக்குடி அங்க போற?" என்றேன்.

நூறு மீட்டர், கடைசிச் சுற்று.
எட்டு ஆண்கள், எட்டுக் கூடைகள்.
ஆறாவதன் பின்னால் அவள்.
சட்டை தோளில் தொங்குகிறது,
நேற்றே ஒரு தையல் பிடித்திருக்கலாம்.
அவள் தடத்துக்காரன் கால்சட்டையைக் கழற்றிப் போட்டான்.
கழுத்துச் சங்கிலியைக் கழற்றினான்,
யோசித்தான், திரும்ப மாட்டிக்கொண்டான்.
அவன் எந்த நாடென்று தெரியவில்லை.
பச்சையும் மஞ்சளும் கொடி.
எட்டுப் பிள்ளைகளும் குனிந்து, தூக்கி, வரிசையாக நடந்தார்கள்.

அரங்கம் வாயை மூடியது.
சென்ட்ரலுக்குள் நுழையும் ரயிலின் ஊதல் கேட்டது.
துப்பாக்கி.
உடனே இன்னொரு முறை துப்பாக்கி.

யாரோ சிவப்பு அட்டையோடு வந்தார்.
ஆறாம் தடத்துக்காரன் கையை விரித்தான்,
பெரிய திரையைக் காட்டினான்,
பிறகு தனியாக நடக்க ஆரம்பித்தான்.
ஏழு கூடைகள் போய்க்கொண்டிருந்தன. ஒன்று நின்றது.
திரும்பவில்லை அவள். நின்றாள், அவ்வளவுதான்,
முதுகில் கண் இருப்பதுபோல.
ஒரு ஆள் ஓடிவந்து கையை ஆட்டினார்.
நட பவா, நட, என்று பல்லைக் கடித்தேன்.

ஸ்டேடியம் முழுக்க எழுந்து நின்று அலறியபோது
நான் அந்த நீலப் பிளாஸ்டிக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அலறல் பத்து விநாடி. தங்கம் போய்விட்டது.
ரெஜினால்டு கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.
"பாத்தீங்களா? பாத்தீங்களா?"
"பாத்தேன் சார்."

பதினொன்றரைக்கு வெளியே வந்தாள்.
மூர் மார்க்கெட் ஓரம் ஷேர் ஆட்டோ பிடித்தோம்.
அவன் தரையில் உட்கார்ந்துவிட்டானாம்,
ஒரே காலில் கால்சட்டையோடு.
இவள் கூடையை வைத்துவிட்டு நின்றிருக்கிறாள்.
வெகுநேரம் கழித்து இங்கிலீஷில் ஒன்றே ஒன்று கேட்டானாம்,
யாரு ஜெயிச்சாங்க என்று.
"நீ இன்னா சொன்ன?"
"தெரியாதுன்னேன். எனக்கெப்படிம்மா தெரியும்?
நீ சொல்லு, யாரு?"

ராயபுரம் பாலத்தில் ஆட்டோ திணறி ஏறியது.
கடல் பக்கமிருந்து டீசல் வாடை வந்தது.
கவனிக்கல என்றேன்.
அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.
அறுபது ரூபாய்த் தண்ணியில் பாதி மிச்சமிருந்தது,
வாங்கிக் குடித்தாள்.
"நாளைக்கு நாலாம் தடம்," என்றாள்.