நான்காம் எண் பம்ப்

இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம் போகாத ஜூலை.
சில்யான் ஏரிச் சாலையில், நான்காம் எண் பம்ப்பில்
டோர்னியின் பிளைமவுத் கப்பல் போல நிற்கிறது,
பின்கண்ணாடி முழுக்கக் கொடி:
சிவப்பில் நீலப் பெருக்கல் குறி,
குறிக்குள் வெள்ளை நட்சத்திரங்கள்.

எத்தனை என்று கேட்டேன் ஒருமுறை.
எண்ணியதில்லை என்றான்.
பதின்மூன்று. கடையில் ஆளில்லாத நேரத்தில்
நான் எண்ணியிருக்கிறேன்.

யார் கொடி என்றால்
கார் கொடி என்பான்.
ஜார்ஜியாவில் கப்பலேறும்போதே
டிக்கியில் மடித்துக் கிடந்ததாம்.
பொய். தபால் பொட்டலத்தைப் பிரித்தது
என் மேஜைக் கத்தி.

மழைக்கு ஒதுங்கிய நாளில் வேறு பதில்:
மர ஆலையை மூடினார்கள்,
பிரசவ வார்டை மூடினார்கள்,
பேருந்து வாரத்துக்கு இரண்டு.
ஸ்டாக்ஹோம்காரர்கள் கோடையில் ஏரி பார்க்க வந்து
இதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள்.
"அந்தச் சுளிப்புக்கு என்ன விலையும் தருவேன்.
தோற்றவர்கள் கொடிதானே, ஸிக்னே.
நாமும் தோற்றவர்கள்தானே."

மீதிச் சில்லறை கொடுத்தேன்.
எதைக் காக்கப் போய்த் தோற்றார்கள் என்பது
ரசீதில் அச்சாவதில்லை.

கார்த் திருவிழாவுக்கு வாசிக்க வந்த வேன் ஒன்று
அன்றைக்குக் காபிக்கு நின்றது.
டிரம்ஸ்காரர் லெமுவேல், மிசிசிப்பிக்காரர், கறுப்பர்,
அறுபதைத் தாண்டியவர்.
டோர்னிக்குத் தாங்காத மகிழ்ச்சி.
"உங்க ஊர்!" என்று பள்ளிக்கூட ஆங்கிலத்தில்
கொடியைக் காட்டினான்,
விருந்தாளிக்குப் பலகாரத் தட்டை நீட்டுவதுபோல.

அவர் கோப்பை மூடியை
அழுத்தி அழுத்தி மூடினார்.
"எங்க ஊர்ல ஒரு பங்க்குல இது பறந்தா
டேங்க் வத்தினாலும் நிறுத்த மாட்டோம்.
எங்கப்பா வண்டியில எப்பவும்
ரெண்டு கேன் பெட்ரோல் இருக்கும்.
சின்ன வயசுல, பிரயாணம்னாலே எனக்கு
அந்த நெடிதான்."

கோபமில்லை. வழி சொல்வதுபோலச் சொன்னார்.
வேன் போனது.
பம்ப் நின்ற பிறகும்
டோர்னி குழாயை எடுக்கவில்லை.

மறுவாரம் வந்தான். கொடியும் வந்தது.
இங்கே திரும்பும் வளைவில் மட்டும்
கழற்றி இருக்கைக்கடியில் திணிக்கிறான்.
கதவிடுக்கில் ஒரு முனை நீட்டியிருக்கிறது,
இரண்டரை நட்சத்திரம்.
நான் பார்க்காதவள்போல இருக்கிறேன்.

நான் என்ன சொல்ல.
கல்லாவுக்குப் பக்கத்துச் சுழல்தாங்கியில்
சூயிங்கத்துக்கும் சாவிக்கொத்துக்கும் நடுவே
அதே கொடி, ஸ்டிக்கராக, இருபத்தைந்து குரோனா.
அந்தச் சனிக்கிழமை மட்டும்
ஏழு விற்றேன்.