கருவி எண் பதினொன்று

மார்ச் மாதத்துப் பெங்களூர்.
ஹெப்பால் மேம்பாலத்து ஹாரன்களை
ஹெட்போன் தள்ளி நிறுத்த
என் மேசைக்கு மலை வருகிறது.

ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும்
பெள்ளன் பேசுவார்:
தேதி, கருவி எண், "பேட்டரி மாத்தியாச்சு."
பிறகு ஓர் இருமல். பிறகு இலைச்சொட்டு.
பிறகு, ஐந்தேமுக்காலுக்கு,
யாரோ வழுக்கி விழுந்ததைப் பார்த்ததுபோல்
சிரிப்பான்களின் கூட்டம்.

அதை எண்ணுவதுதான் என் வேலை.
இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழி.
கோப்புக்கு இவ்வளவு என்று சம்பளம்.

நான் சேர்ந்த வருடம், கருவி மூன்றில்,
ஒன்று ஒன்று ஒன்று என்று தட்டித் தட்டி
கீபோர்டில் அந்த எண்ணே அழிந்தது.
இப்போது அங்கே தையல்சிட்டு.
போன வாரம் ஒரு மயில்.
மயிலுக்குப் பத்தி இல்லை;
"மற்றவை"யில் போடச் சொன்னாள் தேச்சம்மா.

ஆஸ்டின் டவுனில் நாலாவது மாடி எனக்கு.
"இந்த ஊருக்கு எதுக்கும்மா ஃபேன்" என்று
கொக்கியே வைக்காமல் தளம் போட்டவர்
வீட்டுக்காரர் லூர்துசாமி.
இந்த வருடம் அவரே மேசை விசிறி வாங்கி வைத்து
வாடகையில் இருநூறு ஏற்றினார்.
கட்டடத்தில் ஏற ஏறச் சூடு.
கீழ்வீட்டுக்கு மாறக் காசு சேர்க்கிறேன்.
பறவைக்கு அது தலைகீழ்.
ஆனால் மலை, வீடு மாதிரி
அடி அகலத்திலேயே மேலேறுவதில்லை.

கருவி ஆறு. கருவி எட்டு.
சிரிப்பு மேலே போகப் போக
பெள்ளனுக்கு இளைக்கிறது.
ஒரே மூச்சில் சொன்ன தேதியை
நாள் தனியாக, மாதம் தனியாகச் சொல்கிறார்.
எத்தனை மீட்டர் என்று
அட்டவணையில் நான் பார்ப்பதில்லை.

நேற்று கருவி பதினொன்று.
வெறும் காற்று.
ஐந்தேமுக்கால் தாண்டி, ஆறு தாண்டி
ஒரே ஒரு சிரிப்பு.
பதில் இல்லை.
மறுபடி சிரித்தது.
ஒன்று.

"பன்னிரண்டை எங்கே வைக்கிறோம்?"
தேச்சம்மா வரைபடத்தைத் திருப்பிக் காட்டினாள்.
கோடுகள் ஒன்றுக்குள் ஒன்று சுருங்கி
நடுவில் ஒரு புள்ளி.
அதன் மேலேயே எழுதியிருந்தது, பதினொன்று.

கோப்பு முடிய அரை நிமிடம் இருந்தது.
செருப்புச் சத்தம்.
தண்ணீர் குடிக்கும் சத்தம்.
பிறகு, அத்தனை உயரத்தில்,
பெள்ளனின் ஸ்வெட்டரில்
ஜிப் கீழே இறங்கும் ஒலி.