நாற்பத்திரண்டு

பாலாடா சந்தையில் ஞாயிறு காலை
கையில் அட்டை, அதில் நாற்பத்தொரு கையெழுத்து.
செவ்வாய்க்குள் நூறு வேண்டும்.
பேரூராட்சிக் கூட்டத்தில் எங்கள் பாதைக்கு
பதினைந்து நிமிடம், தேநீர் உட்பட.

கேட்பது பெரிதல்ல.
ஓடையிலிருந்து ரயில் நிலையம் வரை
உண்ணிச்செடி மூடிய மூன்று கிலோமீட்டர்:
வெட்டித் திறக்க, சரிந்த இடத்தில் கல் பாவ,
வளைவுக்கொரு பெஞ்சு போட.
காரணம் என்ற கட்டத்தில்
‘சும்மா நடக்க’ என்று எழுதியிருந்தேன்.

வர்க்கிக் கடை பெள்ளிராஜ் போட்டார்.
மனைவிக்கும் அவரே போட்டார், அடித்தேன்.
ஜீப் ஓட்டும் அல்போன்ஸ்
பேனாவைத் திருப்பித் தந்தார்:
“எல்லாரும் நடந்தா என் வண்டில யாரு ஏறுவா?”
நியாயம். என்னிடம் பதில் இல்லை.

கேரட் கழுவுமிடத்தில் சிவபாக்கியம்
முழங்கை வரை சேறோடு நிமிர்ந்தாள்.
“சும்மா நடக்கவா? அதுக்குக் காசா?”
பக்கத்திலிருந்தவள் சிரித்தாள்.
நானும், கொஞ்சம் தாமதமாக.

“சரி, வாசி.”
வாசித்தேன். பெஞ்சில் நிறுத்தினாள்.
“அது இருக்கட்டும்.
நெஞ்சு உயரத்துக்கு ஒரு கல்லும் போடச் சொல்லு.
சுமையக் கீழ எறக்கினா
திரும்பத் தூக்கிவிட ஆள் வேணும் அந்தக் காட்டுல.”

சுமைதாங்கி.
படிவத்தின் ஓரத்தில், இடமில்லாமல்,
சாய்த்து எழுதினேன்.

ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு
தன் பெயரை முழுதாக எழுதினாள்.
“ஒரு நா சும்மாவும் வருவேன்” என்றாள்,
என்னிடமில்லை, கேரட்டிடம்.

பனி இறங்குகிறது.
உங்களிடம் பேனா இருக்கிறதா?
என்னுடையதில் சேறு.