பீச்சாங்கைப் பக்கம்

நன்னிலத்தில் பதினோரு கே.வி. லைனுக்குக் கீழே
பத்தொன்பது வருஷம் நின்றவன் நான்.
செங்கல்லைவிடச் சின்ன பன்னிரண்டு வோல்ட் பாட்டரியிடம்
மூன்று ஞாயிற்றுக்கிழமை தோற்றேன்.

எனக்குத் தெரிந்த எர்த்
குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு,
கோடையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது.
எங்கள் களிமண்ணுக்கு அதுகூட வேண்டாம்,
கேட்பதற்கு முன்பே ஈரமாக இருக்கும்.
இந்த எஸ்டியில் அப்படியில்லை.
இரண்டு டயருக்கு மேலே, மண்ணைத் தொடாமல்,
சட்டம்தான் எர்த்.
அதன்மேல் நானே ஆசையாக அடித்த
மூன்று கோட் மெரூன் பெயின்ட்.
கரண்ட் வந்து கதவைத் தட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறது.
பிளேடால் ஒரு ரூபாய் அகலம் சுரண்டினேன்.
இண்டிகேட்டரைத் தேடியவனுக்கு
ஹார்ன் பதில் சொன்னது.

மீட்டர் கதை வேறு.
ஒரு ஓட்டையில் ராஜ்தூத் ஸ்பீடாமீட்டர்,
கும்பகோணம் பழைய இரும்புக்கடை நத்தர்ஷா
"தாயாதிதான் சார், சேர்ந்துக்கும்" என்று கொடுத்தது.
சேரவில்லை. சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி
அடைகொடுத்து உட்கார வைத்தேன்.
இன்னொரு ஓட்டைக்கு டிராக்டரில் கழற்றிய ஆம்ப் மீட்டர்.
கூட்டல் முப்பது, கழித்தல் முப்பது, நடுவே பூஜ்யம்.
உழுகிற வண்டியின் பசியை அளந்த முள்.
என் பல்புகள் தின்பதை அது சாப்பாடாகவே மதிக்கவில்லை.

ராஜ்தூத் மீட்டரில் நாற்பத்தோராயிரத்துச் சொச்சம்
ஏற்கெனவே ஓடியிருந்தது.
யாரோ போன தூரம்.
பூஜ்யமாக்கித் தரட்டுமா என்றார் நத்தர்ஷா.
வேண்டாம் என்றேன். ஏனென்று இப்போதும் தெரியவில்லை.
குடவாசல் ரோட்டில் கல்லுக்குக் கல் வைத்துப் பார்த்தேன்:
ஒரு கிலோமீட்டருக்கு அது ஒன்றரை எழுதுகிறது.
முள் அறுபதில் நிற்கும்போது
டி.வி.எஸ். ஃபிஃப்டியில் ஒரு புல்லுக்கட்டு
என்னை முந்திக்கொண்டு போகிறது.

மூன்றாவது ஞாயிறு அரசி சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.
நான் முன்னால், குத்துக்காலிட்டு.
"இடது போடு."
"யாரோட இடது?"
"வண்டியோட இடது."
"வண்டிக்கு ஏது கை?"
பீச்சாங்கை, சோத்தாங்கை என்று பேசிப் பார்த்தோம்.
அதிலும் என் சோத்தாங்கைக்கு நேரே
அவள் பீச்சாங்கை.
கடைசியில் ஏதோ ஒரு பக்கம் தள்ளினாள்.
நான்கும் சிமிட்டின.
மறுபக்கம் தள்ளினாள். நான்கும்.
"ரெண்டு பக்கமும் திரும்புமாம் இது," என்றாள்,
"தேர்தலுக்கு முந்தி எங்க அண்ணன் மாதிரி."

மீட்டருக்குள் ஒரே ஒரு பச்சை பல்பு,
இரு பக்கத்துக்கும் பொது.
இந்தப் பக்கம் விட்ட கரண்ட் அது வழியாக
அந்தப் பக்கமும் போய்விடுகிறது,
வாய்க்கால் தலைப்பில் பலகை போடாமல் விட்டால்
அடுத்தவன் வயல் நிரம்புகிற மாதிரி.
இரண்டு டயோடு போதும்.
மிளகு மாதிரி கறுப்பு, ஓரத்தில் வெள்ளிப் பட்டை.
போகலாம், திரும்பி வர முடியாது.
பல்பின் மறுகாலைச் சட்டத்தில் முடிந்தேன்,
சுரண்டிய அதே இடத்தில்.
சால்டர் ஆறுவதற்குள் அரசி தள்ளிவிட்டாள்.
பீச்சாங்கைப் பக்கம். அது மட்டும்.
ஒவ்வொரு சிமிட்டலுக்கும் டிராக்டர் முள்
கழித்தல் பக்கம் ஒரு நெல் தூரம்
போய்ப் போய் வந்தது.

திங்கட்கிழமை காலை
பேரளம் ரோட்டில் முறையாக இண்டிகேட்டர் போட்டு
இடது திரும்பினேன். பின்னால் ஆளே இல்லை.
எதிரே வந்த பால்காரர் கையைத் தூக்கி
விரலை விரித்து விரித்து மூடினார்.
நானும் கை காட்டினேன்.
வாத்து மேய்க்கிறவர், கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு,
அதே மாதிரி. அவருக்கும் ஒன்று.
மினிபஸ் டிரைவர் லைட்டையே அடித்தார்.
ஊரே என் வண்டியைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறது
என்று நினைத்துக்கொண்டே போனேன்.
வெயிலில் பச்சை பல்பு தெரியவில்லை.
மீட்டர் கணக்கில் ஆறு கிலோமீட்டர்.
நிஜத்தில் நான்கு.