அமைதி அனுப்பப்படுவதில்லை

நீ சொன்ன சொல் ஒன்றுகூட
எனக்கு முழுசாய் வந்ததில்லை, அஹ்தோ.
இருபது மில்லி விநாடிக்கு ஒரு துண்டாய்
அரிந்துவிடுகிறது கருவி உன் குரலை.
ஒவ்வொரு துண்டின் முதுகிலும்
ஒரு வரிசை எண், புறப்பட்ட நேரம், என் முகவரி.
"லேலோ" என்று நீ இழுத்துக் கூப்பிட
அரை விநாடி.
இருபத்தைந்து பொட்டலம்.

பழைய தொலைபேசியில்
பேசினாலும் பேசாவிட்டாலும்
இருவருக்கென்று ஒரு பாதை ஒதுங்கி நின்றதாம்.
இங்கே யாருக்காகவும் யாரும் வழி மறித்து வைப்பதில்லை.
ஹாமர்ஃபெஸ்ட்டின் மீன் ஆலையிலிருந்து கிளம்பி
எவரோ பார்க்கும் கால்பந்தோடும்
எவரோ கட்டும் மின்கட்டணத்தோடும் முண்டியடித்து
ஒன்று ஒஸ்லோ வழியாய் வரும்,
இன்னொன்று எந்த வழியாய் வந்ததென்று
அதற்கே தெரியாது.
நாற்பத்தொன்று வந்து உட்கார்ந்த பிறகு
நாற்பது மூச்சிரைக்க வரும்.

டார்ட்டுவில், என் பக்கத்தில்,
அவற்றுக்கு ஒரு சின்னக் காத்திருப்பறை:
அறுபது மில்லி விநாடி.
அதற்குள் வந்தவற்றை வரிசையில் நிறுத்திக் குரலாக்குவோம்.
பிந்தி வந்தது வராததுதான்.
"மறுபடி அனுப்பு" என்று கேட்பதில்லை;
அது வந்து சேர்வதற்குள்
பேச்சு எங்கோ போயிருக்கும்.
ஓட்டை விழுந்த இடத்தில்
முந்தைய துண்டையே கொஞ்சம் நீட்டி
மெல்ல மங்கவைத்து ஒட்டுப்போடுவோம்.
நாங்கள் என்றால் நானும் பிரீத்தும்.
ஒட்டு காதுக்குத் தெரியாதவரை சம்பளம்.

போன செவ்வாய்
வீட்டை விற்றுவிடலாமா என்று கேட்டேன்.
நீ பேசவில்லை.
பதினோரு நிமிடம்.
வைத்துவிடவும் இல்லை.
மெல்லிய இரைச்சல் ஒன்று காதில் ஓடிக்கொண்டே இருந்தது.
உன் அறைக் காற்று, உன் மூச்சு,
ஆலையின் குளிர்பெட்டி என்றெல்லாம்
நானே பிரித்துப் பிரித்துக் கேட்டேன்.
பீட்ரூட் சூப்பின் மேல் ஏடு கட்டியது.
இவ்வளவு நேரம் என்னோடு சும்மா இருந்ததே இல்லையே இவன்
என்றுகூடத் தோன்றிவிட்டது.

மறுநாள் என் கணினியின் பதிவைப் பிரித்தேன்.
அந்தப் பதினோரு நிமிடத்தில்
உன்னிடமிருந்து குரல் துண்டு ஒன்றுகூட இல்லை.
தெரிந்த விஷயம்தான்.
அமைதியை யாரும் சுமந்து வருவதில்லை, வீண்செலவு.
நீ வாய்மூடியதும் உன் கருவி
"இங்கே இவ்வளவு இரைச்சல்" என்று
அளவு மட்டும் குறித்த ஒரு சீட்டை
எப்போதாவது அனுப்பும்.
அதைப் படித்து என் கணினி, என் மேசையில்,
என் மின்சாரத்தில்,
புதிதாய் ஒரு சீறலைச் செய்துகொள்ளும்.
இல்லாவிட்டால் ஜனங்கள்
"ஹலோ, லைன்ல இருக்கியா" என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறார்கள்.
ஆறுதல் இரைச்சல் என்று அதற்குப் பெயர்.
பெயர் வைத்த ஆளுக்கு
யார்மேலோ கோபம் இருந்திருக்க வேண்டும்.

அதைச் செய்யும் நிரலில்
நாற்பது வரி நான் எழுதியது, அஹ்தோ.
என் கைவேலையைக் காதில் வைத்துக்கொண்டு
உன் மூச்சு என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சிரித்தேன். பிரீத் திரும்பிப் பார்த்தான்.
பதிவை மூடப் போனவள் மூடவில்லை.
சீட்டுகளில் இருந்த எண்களை
ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன்.
ஏழாவது நிமிடத்தில் அளவு ஏறியிருக்கிறது.
அடுத்த சீட்டில் இறங்கிவிட்டது.
ஜன்னலைத் திறந்தாயா?
நாற்காலியை இழுத்தாயா?
ஏதோ சொல்ல வந்து, சொல்லென்று கருவி நம்பும் அளவுக்கு
அது சத்தமாக இல்லையா?

உனக்கு ஒரு இணைப்பு அனுப்பியிருக்கிறேன்.
இன்னும் யாருக்கும் கொடுக்காத சோதனைப் பதிப்பு.
நிறுவிவிட்டு அமைப்புகளுக்குப் போ,
கடைசியிலிருந்து மூன்றாவது கட்டம்,
அதிலுள்ள டிக்கை எடுத்துவிடு.
அப்புறம் நீ பேசாமலிருந்தாலும்
விநாடிக்கு ஐம்பது துண்டு
எண்ணும் நேரமும் போட்டு இங்கே வந்தாக வேண்டும்.

டேட்டா கூடுதலாய்த்தான் ஆகும்.
வீடு விற்ற பணத்தில் கழித்துக்கொள்.