படகு வளையம்

கடல் ஒரு காலத்தில் இந்த வாசல்வரை வந்தது
என்றால் நம்பமாட்டார்கள்.
மூன்று தெரு, ஒரு வங்கி, டிராம் தண்டவாளம்
தாண்டித்தான் இப்போது இஸ்மிரில் தண்ணீர்.
ஆனாலும் மேற்குச் சுவரில், முழங்கால் உயரத்தில்,
படகு கட்டும் வளையம் இருக்கிறது.
சுரண்டினால் உள்ளே இன்னும் இரும்பு.

முதலில் ஒட்டகங்கள்.
மணியோசை வரும், பின்னால் நாற்றம் வரும்,
அதற்கும் பின்னால்தான் அத்திப்பழமும் அபினும்.
கீழே விலங்குகள், மேலே வியாபாரிகள்.
இரவில் கதவடைத்துவிட்டால்
கொள்ளைக்காரனும் சுல்தானும் ஒன்று:
இருவரும் வெளியே.

துலாக்கோல் பிடித்தவன் மிஹ்ரான்.
கட்டைவிரலால் தட்டைத் தொடுகிறான் என்று
நான்கு மொழிகளில் ஏசினார்கள்.
நான்கிலும் பதில் சொன்னான்,
விரலை எடுக்கவில்லை.

ரயில் வந்தது.
அத்தி நேரே கப்பலுக்குப் போனது.
தீவன விலையைக் கூவிக் கூவிப் பழகிய வாய்கள்
ஒரு கோடை முழுக்கச் சும்மா இருந்தன.
கல்லும் மண்ணும் கொட்டிக்
கடலையும் தள்ளிவைத்தார்கள்.
லாயத்தில் பீப்பாய் செய்பவர்கள் புகுந்தார்கள்.

பிறகு நெருப்பு.
காற்று திரும்பியதால் இது மிஞ்சியது.
மிஹ்ரானின் பேரன் மிஞ்சினானா, தெரியாது.
பதினோராம் அறையில் அவன் கணக்குப் புத்தகம்
பாதிக் கூட்டலில் திறந்து கிடந்தது.
மேலே ஏழு என்று ஓரத்தில் குறித்த ஏழை
யாரும் வந்து கூட்டவில்லை.

மறு ஆண்டு கிரீட்டிலிருந்து ஏற்றி அனுப்பப்பட்டு
அதே அறைக்கு வந்தாள் முஹ்சினே.
தொழுகை தெரியும், துருக்கி தெரியாது.
பிள்ளைகளைக் கிரேக்கத்தில் திட்டிவிட்டு
சட்டென்று சன்னலைச் சாத்துவாள்.
வளையத்தில் ஒரு ஆடு கட்டினாள்.
புத்தகத்தைத் தாள்தாளாகக் கிழித்து
அடுப்பு மூட்டினாள், எழுத்து அவளுக்குப் புரியாது.
அந்த ஏழில் ஒருநாள் பால் காய்ந்திருக்கும்.

அப்புறம் தகரப் பட்டறைகள், எலிகள்.
ஒரு கும்மட்டம் மழையில் இறங்கியது.
விரிசலில் யாரும் நடாத அத்தி முளைத்தது.
நகராட்சி மூன்று முறை இடிக்கச் சொன்னது.
இடிக்கவும் காசு வேண்டுமே!
வறுமைதான் இதைக் காத்தது;
பலகையில் வேறு யார் யார் பெயரோ இருக்கிறது.

இப்போது காப்பிக்கடை, மஞ்சள் விளக்கு.
பதினோராம் அறையில் நீலக்கண் மணிகள்,
அட்டைப்பெட்டியில் தூரதேசத்து முத்திரை.
கப்பலில்தான் வந்திருக்கின்றன,
அந்தவரை வியாபாரம் மாறவில்லை.
காவல்காரன் ஹுர்ஷித்
தன் மோட்டார் சைக்கிளை
வளையத்தில் சங்கிலியிட்டுப் பூட்டுகிறான்.

போன பிப்ரவரியில் தெற்குக் காற்று
இரண்டு நாள் விடாமல் அடித்தது.
நள்ளிரவில் சாக்கடை மூடிகள் முனகின.
வங்கியைச் சுற்றிக்கொண்டு,
தண்டவாளத்தின் மேல் நடந்து,
முழங்கால் ஆழத்தில் வந்து நின்றது கடல்.
வளையம் நனைந்தது.
ஹுர்ஷித் கால்சட்டையைச் சுருட்டி இறங்கினான்.
பூட்டில் சாவி திரும்பவில்லை.
ஒரு கை வாசற்கதவில்,
அடைப்பதா திறப்பதா என்று தெரியாமல்,
உப்பு வாசனையில்
கொஞ்ச நேரம் நின்றான்.